நம்மாளுக்கு உறை எதற்கு?

மற்ற எல்லாத் தொழிலிலும் சாமானை விற்பதுதான் கஷ்டம். என் தொழிலில் அதை இலவசமாகக் கொடுப்பதே கஷ்டம்.

திருப்பதியிலும் சித்தூரிலும் சில வருஷங்கள் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒன்றில் களப்பணியாளனாக இருந்தேன். ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களைத் தேடிப் போய்ப் பேச வேண்டும், ஆணுறை கொடுக்க வேண்டும், ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டி வர வேண்டும். நானும் அவர்களில் ஒருவன் என்பதுதான் அந்த வேலைக்கு என்னிடமிருந்த ஒரே தகுதி. ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, ஊர்களில் பாதிப் பேர் பெங்களூருக்கும் சென்னைக்கும் குவைத்துக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. செல்போன் அப்போதுதான் எல்லார் சட்டைப் பைக்கும் வந்திருந்தது. யாரும் யாரையும் சுலபமாகச் சந்திக்க முடிந்தது. அதைவிடச் சுலபமாக நம்பவும் முடிந்தது.

வீட்டில் "ஹெல்த்தில் வேலை" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அம்மா அதைச் சர்ச்சில் "ஹெல்த் இன்ஸ்பெக்டர்" என்று உயர்த்திச் சொல்லிவிட்டாள். வீட்டில் ஒரு பெயரும் வெளியில் ஒரு பெயருமாக உத்தியோகம் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் இது புரியும்.

லக்கேஜ்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். திருப்பதி ஆபீசிலிருந்து சித்தூருக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய ஆணுறைகளை எடுத்துப் போகச் சொன்னார்கள். பாகாலா வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி, பெட்டியைத் தலைக்கு மேல் இருந்த கம்பியில் வைத்தேன். பக்கத்தில் யாரோ வைத்த தண்ணீர்க் கேன் ஒழுகிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பாகாலாவுக்கு முந்தின வளைவில் பஸ் ஒடித்துத் திரும்பியபோது நனைந்திருந்த பெட்டியின் அடிப்பக்கம் பிளந்தது. மொட்டையடித்துக்கொண்டு ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தின் மேலும், ஒரு தக்காளிக் கூடையின் மேலும் சரம் சரமாகக் கொட்டியது.

தக்காளிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி, பார்க்க ஒன்றுமில்லாத புளியமரங்களை உற்றுப் பார்த்தார். ஒரு அம்மாள் ஷாம்பு என்று நினைத்து இரண்டு சரத்தை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அவரிடம் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கண்டக்டர் வந்தார். அரசாங்கத் திட்டம், மக்கள் ஆரோக்கியம் என்று சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. என்னோடு குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கி, ஒரு கோணிப்பையில் போட்டுக் கட்டினார். பிறகு டிக்கெட் கட்டை எடுத்து நிதானமாகச் சொன்னார்: "ஒரு பத்துன்னா நான் கண்டுக்க மாட்டேன் சாரு. இவ்ளோன்னா லக்கேஜ் டிக்கெட் போட்டே ஆவணும்."

மனவாடு

சுப்பிரமணி வெதுருகுப்பம் பக்கத்துக்காரர். வேர்க்கடலை மண்டியில் வேலை. வாரம் ஒருமுறை திருப்பதிக்கு வருவார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த பார்க்கில் சாயங்காலம் என்னைப் பார்ப்பார். நான் கெஞ்சாமல் தானாகவே கேட்டு வாங்கிப் போகிற ஒரே ஆள் அவர்தான். வாரம் மூன்று சரம். கூட்டங்களில் அவர் பெயரைச் சொல்லாமல் அவரைத்தான் உதாரணம் காட்டுவேன்.

ஒரு வாரம் ஒரு சரம் போதும் என்றார். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, இந்த வாரம் சந்திக்கிறவர்கள் எல்லாம் மனவாடு என்றார். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களும் சொல்கிற தெலுங்கு வார்த்தை அது. நம்மாளு என்று அர்த்தம். புது ஆளைச் சந்தித்ததும் சுப்பிரமணி முதலில் எந்த ஊர் என்று கேட்பார். பிறகு எந்தத் தெரு, பிறகு யார் வீடு. மூன்றுக்கும் அவருக்குத் தெரிந்த பதில் வந்துவிட்டால் அந்த ஆள் மனவாடு. மனவாடு என்றால் உறை வேண்டாம்.

கிருமிக்கு ஊர் பேர் தெரியாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை அப்படியே ஒப்பித்தேன். விவரம் தெரியாதவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சொன்ன பதிலுக்கு எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் மறுமொழி இல்லை: "வெளியாளுன்னா கவர் போட்டுக்கலாம். அவன் இன்னா நெனச்சா எனக்கின்னா? நம்மாளுகிட்ட அத எடுத்தா, என்ன சந்தேகப்படறியான்னு மூஞ்சத் தூக்கிக்குவான். அப்பறம் ஜாத்திரையில எதிர்ல வந்தான்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு பேசறது?"

கட்டில் கால்

உறையைச் சரியாகப் போடுவது எப்படி என்று காட்ட எங்களிடம் மரத்தில் செய்த ஒரு மாடல் இருந்தது. அது தொலைந்துபோனது. எடுத்தது யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. புதிதாக ஒன்று கடைந்து வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கடைசல் பட்டறைக்கு ஒரு படம் வரைந்து கொண்டு போனேன். பார்த்தவுடன் புரிந்துவிடக் கூடாது என்று ரொம்ப ஜாக்கிரதையாக வரைந்திருந்தேன்.

பட்டறைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு உயரம், நுனி உருண்டையாக வேண்டுமா, பாலிஷ் வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் முகம் மாறாமல் பதில் சொன்னேன். மறுநாள் போனபோது அழகாகக் கடைந்து, எண்ணெய் தடவி, பழைய பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். பேசாமல் வாங்கிக்கொண்டு திரும்பியவனைக் கூப்பிட்டு, நிஜமான அக்கறையோடு சொன்னார்: "ஒன்னு மட்டும் வாங்கிக்கினு போறீங்களே. கட்டிலுக்கு நாலு கால் வேணுமே சார்."

முகராசி

ரத்னாக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீஸ் ரெஜிஸ்டரில் அவர் பெயர் முனிரத்தினம். ஆறடி உயர ஆண், கல்யாண மண்டபச் சமையலில் வளர்ந்த உடம்பு. எங்களுக்குள் அவர் ரத்னாக்கா. களப்பணியில் எனக்கு மூத்தவர். பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனை மையத்தில் ஆலோசகராக இருந்த சரோஜம்மா மேடத்துக்கும் அவருக்கும் நல்ல சிநேகம்.

ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று எங்களிடம் சொல்லாதவர்களே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஆட்கள் கூடுகிற ஆபீஸ் மாடி அறைக்கு மேடம் வந்தார். ஐந்து பேரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கி வரிசையாக நிற்கவைத்தார். இவர்களில் ஒருவருக்குக் கிருமி இருக்கிறது, யார் என்று கை தூக்கிச் சொல்லுங்கள் என்றார். முக்கால்வாசிக் கைகள் ஒல்லியாக நின்ற டெய்லர் பாபுவுக்கு உயர்ந்தன. பாபுவுக்கு மஞ்சள் காமாலை வந்து அப்போதுதான் இறங்கியிருந்தது. வெறும் மோரில் ஒரு மாசம் இருந்தவன். கோபத்தில் அவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. மீதிக் கைகள் மற்ற மூன்று பேருக்குப் பிரிந்தன. கொழுகொழுவென்று மல்லிகைப்பூ வாசனையோடு நின்ற ரத்னாக்காவுக்கு ஒரு கையும் உயரவில்லை.

ரத்னாக்கா தன் கையைத் தானே தூக்கினார். கூட ஒரு வருஷம் வேலை செய்தும் எனக்குத் தெரியாது. அவரே பேசினார். எல்லாரிடமும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாராம். ஒரே ஒருத்தரிடம் மட்டும் இல்லை. அவர் நல்ல மனுஷன், தனக்கு இருப்பது அவருக்கே தெரியாது, தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது என்றார். தான் இப்போது மாத்திரையில் இருப்பதாகவும், நன்றாக இருப்பதாகவும் சொன்னார். அழுதுகொண்டிருந்த இரண்டு பேரைப் பார்த்துவிட்டுத் தன் பெருத்த தோளைக் குலுக்கினார்: "எனக்கு ஒரு ஓட்டுகூட விழல பாத்தீங்களா? டெபாசிட் போயும் சந்தோசமா நிக்கறவ நான் ஒருத்திதான்."

லேமினேஷன்

பிரகாஷ் சித்தூர்க்காரன், பெங்களூரில் டாக்சி ஓட்டினான். லைசென்சுக்குப் பின்னால் ஒரு பரிசோதனைச் சான்றிதழ் வைத்திருந்தான். நெகட்டிவ் என்று போட்டிருக்கும். கிழியாமல் இருக்க லேமினேஷன் செய்திருந்தான். புதிதாக ஒருவரைச் சந்தித்தால் முதலில் அதை எடுத்துக் காட்டுவானாம். பார்த்தவர்களுக்கு அவன் மேல் மரியாதையே வந்துவிடுமாம். அதற்குப் பிறகு யாரும் உறையைப் பற்றிப் பேசுவதில்லை. யாரும் அவனிடம் பதிலுக்கு ஒரு காகிதம் காட்டியதும் இல்லை.

தேதியைப் பார்த்தேன். அவன் செல்போனைவிடப் பழைய சான்றிதழ். கிருமி நுழைந்து மூன்று மாசம்வரை பரிசோதனையில் தெரியாமல் போகலாம், பரிசோதனைத் தேதிக்குப் பிறகு நடந்ததையெல்லாம் இந்தக் காகிதம் எப்படிச் சொல்லும் என்று படம் போட்டு விளக்கினேன். இது பெரிய லேப் சார் என்றான். அன்று ரத்னாக்கா கூட இருந்தார். காகிதத்தை வாங்கிக் கல்யாணப் பத்திரிகை மாதிரி முன்னும் பின்னும் பயபக்தியோடு படித்தார். இதை இதுவரை எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறாய் என்று கேட்டார். பிரகாஷ் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனான். அங்கே பாதியில் நின்றுவிட்டான்.

அடுத்த திங்கட்கிழமை அவன் புதிதாகப் பரிசோதனை செய்துகொண்டான். அதிர்ஷ்டவசமாக அதுவும் நெகட்டிவ். அவனை அங்கே போகவைத்தது என் படமும் விளக்கமும் இல்லை. சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கும்போது ரத்னாக்கா சொன்ன வார்த்தைதான்: "பேப்பர நல்லா லேமினேஷன் பண்ணிக்கினே கண்ணு. அப்படியே அந்தக் கடைக்காரன்கிட்ட உன்னையும் பண்ணிக் குடுக்கச் சொல்லியிருக்கலாம்."

புத்தூர்க் கட்டு

இவ்வளவு நேரம் அடுத்தவர்கள் கதையைச் சொல்லிவிட்டு என் கதையை மறைப்பது நியாயமில்லை. ரேணிகுண்டா ரோட்டில் ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். சனிக்கிழமை காலையில் தேவராஜ் வருவான். பாகாலாவுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன், பெங்களூரில் ஒரு கம்பெனி வேன் டிரைவர். திங்கட்கிழமை விடிந்ததும் திரும்பிப் போவான். எங்களுக்கு அது மூன்றாவது வருஷம். வீட்டுக்காரர் ரெட்டப்பாவிடம் மாமன் மகன் என்று சொல்லியிருந்தோம். சர்ச்சில் ஜெயசீலன் என்று பெயர் வைத்த எனக்கு, நெற்றி நிறைய விபூதி பூசிய மாமன் மகன் எங்கிருந்து வந்தான் என்று அந்த நல்ல மனுஷன் ஒருநாளும் கேட்டதில்லை.

பாகாலா ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்குள் இறங்கப் பார்த்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். எக்ஸ்ரே எடுக்கலாம் என்றேன். எலும்பு என்றால் புத்தூர்தான் என்று தேவராஜ் என்னை இழுத்துக்கொண்டு போனான். கட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தபோது எனக்குக் கண் இருட்டியது. பின்னாலிருந்து தேவராஜ் என் தோளைப் பிடித்துக்கொண்டான். நீ இவருக்கு என்ன வேணும் என்று கட்டுக்காரர் கேட்டார். மாமன் மகன் என்று சொல்வான் என்று நினைத்தேன். "வேண்டியவன்" என்றான். அவ்வளவு வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. முட்டையும் பச்சிலையும் தடவி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிவிட்டார்கள்.

பத்து நாளில் வலி சுத்தமாகப் போய்விட்டது. அடுத்த கட்டுக்குப் போனபோது, இனி எதற்கு இது, அவிழ்த்துவிடலாமே என்று கேட்டேன். கட்டுக்காரர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை: "நோவு இல்லன்னா கூடிடுச்சின்னு நெனச்சிக்காத நைனா. உள்ள கீறது உனக்கின்னா தெரியும்?"

ஆபீஸ் சாமான்

ஒற்றைக் கையோடு நான் சமைக்க முடியாது என்று ரத்னாக்கா வந்தார். புளி எங்கே என்று தேடியவர் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தார். அது சித்தூருக்குப் போக வேண்டிய ஆணுறைப் பெட்டி. வீட்டுக்குத் தனியாக எங்கே வைத்திருக்கிறாய் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். இல்லை என்றேன். தேவராஜ் வரும்போது என்று இழுத்தார். நான் புளி டப்பாவைத் தேடுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு, நான் பார்க்கிலும் பஸ் ஸ்டாண்டிலும் நூறு பேர் வாயிலிருந்து கேட்டுக் குறித்துக்கொண்ட வாக்கியத்தை என் வாயே சொன்னது. அவன் அப்படிப்பட்டவன் இல்ல அக்கா, எனக்கு மூணு வருஷமாத் தெரியும் என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு அது கேட்டுவிட்டது. ரத்னாக்கா கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். கிண்டல் செய்திருந்தால் தேவலாம். ரசத்தைக் கலக்கிக்கொண்டே, அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு அந்த ஆள எட்டு வருசமாத் தெரியும் சீலா."

மூன்று நாள்

எப்படிக் கேட்பது என்று எத்தனையோ பேருக்கு நடித்துக் காட்டியிருக்கிறேன். நான் ஒருவன், எதிரில் ரத்னாக்கா இன்னொருவன். கூட்டம் கை தட்டும். என் வீட்டில் கேட்க எனக்கு மூன்று சனிக்கிழமை ஆனது. மூன்றாவது சனிக்கிழமை தேவராஜ் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது, நாம் இரண்டு பேரும் ஒருதரம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம், அதுவரைக்கும் உறை இல்லாமல் வேண்டாம் என்றேன்.

ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றான். என்னைச் சந்தேகப்படுகிறாயா என்று கேட்டான். இது சந்தேகம் இல்லை, அக்கறை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த பதிலைச் சொன்னேன். பார்க்கில் அது நன்றாகத்தான் ஒலிக்கும். அன்று கோர்ட் நோட்டீஸ் படிப்பது போல இருந்தது. அவன் பையை எடுத்துக்கொண்டு மத்தியான ரயிலுக்கே பாகாலா போய்விட்டான். பிறகு மூன்று நாள் போனை எடுக்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் களத்துக்குப் போய், எல்லாரிடமும் தைரியமாகக் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

நாலாம் நாள் ஒரு மிஸ்டு கால் வந்தது. திருப்பிக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் வேன் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. நான் ஹலோ ஹலோ என்றேன். கடைசியில் பேசினான்: "திங்கக்கெழம லீவு சொல்லிட்டேன், போலாம். மொதல்ல நீ குத்திக்க. எனக்கு ஊசின்னா பயம்."

பெஞ்சு

பரிசோதனை மையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. அதில் எத்தனையோ பேரை உட்காரவைத்து, ஒன்றுமில்லை, ஒரு ஊசிதான் என்று சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தும்போது தேவராஜ் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டான். ரெண்டு மணி நேரம் காத்திருந்தோம். சரோஜம்மா மேடம் ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுவார். முதலில் என்னை. எனக்கு இல்லை. மூன்று மாசம் கழித்து மறுபடி வர வேண்டும் என்றார். அப்போதும் இல்லை என்று வந்தது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிறகு அவன் உள்ளே போனான். வெளியே வர நேரமானது. அந்த பெஞ்சில் பல நாள் உட்கார்ந்தவன் நான். அந்தக் கதவு எவ்வளவு நேரம் மூடியிருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வந்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, டீ குடிக்கலாமா என்றான். ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்தோம். என்னைச் சந்திப்பதற்கு முந்தின காலத்தைப் பற்றி அங்கேதான் சொன்னான். பெங்களூரில் ஒரே அறையில் நாலு பேர் தங்கியிருந்தார்களாம். வெளியாட்களிடம் எப்போதும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தானாம். அறையில் இருந்த நம்ம பக்கத்து ஆள் ஒருவனிடம் மட்டும் அது தேவைப்படவில்லையாம். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தேவராஜுக்குத் தெரியாது.

மூன்று வருஷம் கேட்காமல் இருந்தது நான்தான், என் வேலையே அதைக் கேட்பதுதான் என்றேன். எனக்கு அழுகை வந்தது. டீக்கடைக்காரர் எங்களைப் பார்க்காமல் இருக்க, துடைத்த கிளாசையே மறுபடி துடைத்தார். தேவராஜ் என் கையிலிருந்த டீயை வாங்கிக் கீழே வைத்தான்: "உனக்கு இல்லன்னு நீ வெளிய வரும்போதே தெரிஞ்சிக்கினேன். அதுக்கப்பறந்தான் எனக்கு உள்ள போறதுக்குத் தைரியமே வந்தது."

எட்டு மணி

ஒரு வருஷம்போல ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணிப் பார்ப்பதோடு போனது. அது குறைந்த பிறகு மாத்திரை ஆரம்பித்தார்கள். காலை எட்டு, ராத்திரி எட்டு. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. ரத்னாக்கா அவனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். முதல் மாசம் தலைசுற்றலும் கெட்ட கனவும் வந்தபோது, தனக்கு வந்த கனவுகளைச் சொல்லி அவனைச் சிரிக்கவைத்தார். தேவராஜ் பெங்களூர் வேலையை விட்டுவிட்டுத் திருப்பதியிலேயே ஒரு லாட்ஜுக்கு வேன் ஓட்ட வந்தான். வாரத்துக்கு இரண்டு நாள் மாமன் மகனாக இருந்தவன் ஏழு நாளும் மாமன் மகனானான். இப்போது வீட்டில் ஒரு டப்பா தனியாக இருக்கிறது, ஆபீஸ் சாமான் இல்லை. ஆரம்பத்தில் அதை எடுக்கும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. பிறகு மூக்குக்கண்ணாடி எடுப்பது மாதிரி ஆகிவிட்டது.

தேவராஜின் போனில் எட்டு மணிக்கு வைத்த அலாரம் கோழி கூவுவது போலக் கத்தும். தெருவுக்கே கேட்கும். கீழ் வீட்டு ரெட்டப்பாவுக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று பயந்துகொண்டிருந்தோம். ஒருநாள் அவன் அதை வைக்க மறந்துபோனான். மாத்திரையை மறக்கவில்லை, அலாரத்தைத்தான். எட்டரை மணிக்கு ரெட்டப்பா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். அறையைக் காலி செய்யச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவர் கையில் அவருடைய சர்க்கரை மாத்திரை அட்டை இருந்தது. கோழி ஏன் கூவவில்லை என்று கேட்டார். பிறகு தேவராஜைப் பார்த்து, கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "நீ எந்த மாத்திரை துன்றியோ அது எனக்குத் தெரிய வேணாம் பாபு. ஆனா நீ அலாரம் வெச்சாத்தான் நான் என்னுத துன்றேன், நாளைக்கி மறந்துடாத."

ஊரெல்லாம் சுற்றிச் சொன்ன ஒரு விஷயத்தை என் அறைக்குள் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆனது. உங்களால் அதைவிடச் சீக்கிரம் முடியும் என்றால் இந்த உத்தியோகத்துக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.